முகமூடியைத் தேடும் கண்கள்

ஒரு நாட்டு மக்கள் எதைக் கண்டு ஆர்ப்பரிக்கிறார்கள் என்பதைக் கொண்டு, அவர்தம் உள்ளத்தில் எது முள்ளாய்த் தைத்திருக்கிறது என்பதை ஓரளவு உணர்ந்துகொள்ளலாம். அவ்வகையில் பிரிட்டிஷ் மக்களை ஆண்டுக்கணக்காகத் தன்பால் ஈர்த்து வைத்திருந்த ஒரு சின்னத்திரைத் தொடரைப் பற்றி இங்கே சிறிது சிந்திக்க விழைகின்றோம். தொலைக்காட்சித் தொடருக்கும் தமிழ்த்துறை மலருக்கும் என்ன தொடர்பு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். கதை கேட்கும் மனம் எங்கும் ஒன்றே; அம்மனம் கதை முடிந்தபின் என்ன செய்கிறது என்பது இலக்கியம் பயில்வோர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவே ஆகும்.

2021-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு. பி.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய 'லைன் ஆஃப் டியூட்டி' என்னும் தொடரின் ஆறாம் பருவத்து இறுதிப் பகுதியை அன்று கண்டவர்கள் 1 கோடியே 28 இலட்சம் பேர். ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஒருவர்! நாள்தோறும் வரும் நெடுந்தொடர்களை நீக்கிப் பார்த்தால், 2002 முதல் வைக்கப்பட்டுவரும் கணக்கில் வேறெந்த நாடகப் பகுதியும் இத்துணைப் பேரை ஒருசேரத் திரைமுன் அமர்த்தியதில்லை. இத்தனைக்கும் அது காதற் கதையன்று. வரலாற்றுக் காவியமும் அன்று. காவல்துறைக்குள் புரையோடிய ஊழலைக் காவல்துறையினரே தோண்டி எடுக்கும் கதை.

மருத்துவராகப் பணியாற்றிப் பின் எழுத்தாளரான ஜெட் மெர்க்கூரியோ இதனைப் படைத்தார். 2012-இல் பி.பி.சி. இரண்டாம் அலைவரிசையில் அடக்கமாகத் தொடங்கி, 2017-இல் முதல் அலைவரிசைக்கு உயர்ந்தது. 'ஏ.சி.-12' என்னும் ஊழல் தடுப்புப் பிரிவே கதையின் களம். கண்காணிப்பாளர் டெட் ஹேஸ்டிங்ஸ், அவர்கீழ் பணிபுரியும் ஸ்டீவ் ஆர்னட், கேட் ஃபிளெமிங் என்னும் மூவரும் கதையின் தூண்கள்.

விசாரணை மேசையின் மாண்பு

இத்தொடரின் வெற்றிக்குக் காரணம் துப்பாக்கிச் சூடும் துரத்தலும் மட்டுமே என்று கருதினால் நாம் தவறிழைத்தவர்களாவோம். அவை வேறு தொடர்களிலும் உள்ளன. மக்கள் மூச்சடக்கிப் பார்த்த காட்சிகள், ஒரு மேசையின் இருபுறமும் சிலர் அமர்ந்து பேசும் விசாரணைக் காட்சிகளே. ஒலிப்பதிவுக் கருவி நீண்டதோர் ஓசை எழுப்பும். ஆவணங்கள் எண் சொல்லி எடுத்துவைக்கப்படும். குற்றஞ்சாட்டப்பட்ட காவலர், தம்மினும் ஒரு நிலையாவது உயர்ந்த அதிகாரியே தம்மை வினவ வேண்டும் என்று உரிமை கோருவார். அடி இல்லை, உதை இல்லை. சான்றும் சொல்லும் மட்டுமே மோதிக்கொள்ளும். இத்தகைய காட்சி பல நிமிடங்கள் நீளும், பார்ப்போர் அசைவதில்லை.

அதிகாரம் படைத்தவன் ஒருவன், தன் செயலுக்கு வரிவரியாகக் கணக்குச் சொல்ல வேண்டிய நிலையில் அமர்ந்திருப்பதைக் காணும் வாய்ப்பு எளிய மக்களுக்கு வாழ்வில் கிடைப்பதில்லை. திரை அதனைத் தந்தது. அவ்வேட்கையை வெறும் பொழுதுபோக்கென்று நாம் இகழமாட்டோம். அது நீதிப்பசி.

முதற் பருவத்தின் கதைத்தலைவர் டோனி கேட்ஸ் விருதுகள் பெற்ற அதிகாரி. அவர்மீது எழும் முதல் ஐயம், உணவகத்தில் காசு கொடுக்காமல் உண்ட ஒரு காலை உணவைப் பற்றியது. அடுத்தது, ஒரே வழக்கின்மீது பல குற்றச்சாட்டுகளை ஏணிப்படிபோல் அடுக்கித் தம் வெற்றிக் கணக்கைப் பெருக்கிக் காட்டினார் என்பது. பின்னர், தாம் விரும்பிய பெண்ணொருத்தி ஏற்படுத்திய சாலை விபத்தை மறைக்கிறார். ஒரு படி, அடுத்த படி, அதற்கடுத்த படி. முடிவில் உயிரையே மாய்த்துக்கொள்கிறார். சிறு பிழை பெரும்பிழைக்குக் கதவு திறக்கும் என்று அறநூல்கள் சொல்வதைத்தான் இக்கதையும் சொல்கிறது.

கரீம் அலியும் கோவலனும்

தொடரின் முதற்காட்சியை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். பயங்கரவாதத் தடுப்புப் படையொன்று ஒரு குடியிருப்புக்குள் நுழைந்து, கரீம் அலி என்னும் இளைஞரைச் சுட்டுக் கொல்கிறது. அவர் குற்றமற்றவர். கதவெண்ணைப் பிழையாகக் கொண்டதால் வீடு மாறிப்போயிற்று. மேலதிகாரி ஆஸ்பர்ன், எல்லாரும் ஒரேவகையாகப் பொய்யுரைக்க வேண்டும் என்கிறார். ஆர்னட் ஒருவர் மட்டும் மறுக்கிறார். அம்மறுப்பே அவரை ஊழல் தடுப்புப் பிரிவுக்குக் கொண்டு சேர்க்கிறது. பெயரும் நிறமும் ஐயத்திற்கு விரைந்து இடந்தரும் இக்காலத்தில், இக்காட்சியை நம்மால் எளிதில் கடந்து செல்ல இயலவில்லை.

இது வெறுங்கற்பனை என்று தள்ளவும் இயலாது. 2005 ஜூலை 22-ஆம் நாள் இலண்டன் ஸ்டாக்வெல் சுரங்க இரயில் நிலையத்தில், பிரேசில் நாட்டிலிருந்து வந்து மின்பணி செய்து பிழைத்த 27 வயது இளைஞர் ஜான் சார்லஸ் டி மெனஸஸ் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐயத்திற்குரிய ஒருவரோடு தொடர்புடைய அதே அடுக்குமாடிக் கட்டடத்தில் அவரும் குடியிருந்தார்; அதுவே அவருக்கு வினையாயிற்று. சுடுமுன் எச்சரித்ததாகக் காவலர் கூறியதை, 2008-இல் நடந்த மரண விசாரணையின் சான்றாயர் ஏற்கவில்லை. காவல்துறை என்னும் நிறுவனத்திற்குத் தண்டம் விதிக்கப்பட்டது. தனியொருவர் எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை.

சிலப்பதிகாரம் பயின்ற நமக்கு இங்கே மதுரை நகர் கண்முன் தோன்றுகிறது. பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாமல் ஆணையிட்டான் பாண்டியன். கோவலனைக் கண்ட காவலர்க்கு, இவன் கள்வன் போல் தோன்றவில்லையே என்ற ஐயம் எழுந்தது. ஆயினும் கல்லாத ஒருவன் வாளை வீசிவிட்டான். இதுவரை இரு கதைகளும் ஒன்றே. வேறுபடும் இடம் அடுத்தது. சிலம்பு உடைந்து உண்மை வெளிப்பட்ட அக்கணமே, குற்றம் தன்னுடையதே என்று ஒப்பி அரியணையிலேயே உயிர்விட்டான் பாண்டியன். காவலர்மேல் பழி போடவில்லை, பொற்கொல்லன்மேலும் போடவில்லை. பிரிட்டிஷ் தொடரிலோ, பொய்யுரைக்கச் சொன்ன ஆஸ்பர்ன் ஆறாம் பருவத்தில் அக்காவல் படையின் தலைமைப் பதவியிலேயே அமர்ந்திருக்கிறார்!

ஏமாற்றம் கற்பிக்கும் பாடம்

இனி நம் கருத்தின் மையத்திற்கு வருவோம். ஆண்டுக்கணக்காகப் பார்வையாளரை அலைக்கழித்தது ஒரே வினா. குற்றக் கும்பலோடு கைகோத்து, காவல்துறையை உள்ளிருந்து ஆட்டிப்படைக்கும் அந்த மறைமுகத் தலைவன் யார்? இல்லந்தோறும் ஊகங்கள், நாளிதழ்தோறும் ஆய்வுகள். ஹேஸ்டிங்ஸ்தானோ என்று நெஞ்சு பதைத்தவர்களும் உண்டு.

இறுதிப் பகுதியில் முகமூடி விலகிற்று. அங்கே நின்றவர் இயன் பக்கெல்ஸ். கூர்த்த மதியோ கொடிய வீரமோ இல்லாதவர்; சோம்பல் மிக்கவர்; வேலை தெரியாதவர் என்று எல்லாரும் எண்ணியிருந்த நடுத்தர அதிகாரி. சொன்னதைச் செய்தார், பணம் பெற்றார், பதவி உயர்ந்தார், அவ்வளவே.

நாடெங்கும் ஏமாற்றக் குரல் எழுந்தது. இவனுக்காகவா இத்தனை ஆண்டுகள் காத்திருந்தோம் என்று பலர் வெகுண்டனர். நாடகச் சுவை கருதி அவ்வாறு கூறியோரை நாம் குறைகூறவில்லை. ஆயினும், அந்த ஏமாற்றத்தைத்தான் நாம் உற்றுநோக்க வேண்டும் என்பது எம் துணிபு. ஊழலுக்கு ஓர் இராவணன் வேண்டும் என்று நம் மனம் விரும்புகிறது. பத்துத் தலையோடு ஒருவன் இருந்தால் அவனை வீழ்த்திவிட்டு நிம்மதியாக உறங்கலாம். பக்கத்து நாற்காலியில் தேநீர் அருந்திக்கொண்டிருக்கும் ஒருவனே ஊழலின் உருவம் என்றால் நிம்மதி போய்விடுகிறது. அவனைப் பார்த்தும் பாராதிருந்த நாமும் அக்கதையில் ஒரு பாத்திரமாகிவிடுகிறோம். நல்லவரான ஹேஸ்டிங்ஸும், ஓர் இரகசியக் காவலரின் சாவுக்குத் தம் வாய்ச்சொல்லே வழிவகுத்ததை அவ்விறுதிப் பகுதியில்தான் ஒப்புக்கொள்கிறார். கறையற்றவர் எவருமில்லை என்பதன்று அதன் பொருள். கறையை ஒப்புக்கொள்வோரும் மறைப்போரும் வேறுவேறானவர் என்பதே பொருள்.

திரைக்கு வெளியே

அந்த இறுதிப் பகுதி ஒளிபரப்பாகி ஆறு வாரங்கள் கழிந்தன. 2021 ஜூன் 15-ஆம் நாள் இலண்டனில் ஓர் அறிக்கை வெளிவந்தது. தனியார் துப்பறிவாளர் டேனியல் மார்கன், 1987 மார்ச் 10-ஆம் நாள் தென்கிழக்கு இலண்டனில் ஒரு மதுக்கடையின் வாகன நிறுத்துமிடத்தில் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். மீண்டும் மீண்டும் புலனாய்வுகள் நடந்தும் அக்கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அவர் குடும்பத்தார் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடினர். 2013-இல் அமைக்கப்பட்ட தனிக்குழு, எட்டு ஆண்டுகள் உழைத்து 1,200 பக்கங்களுக்கும் மேற்பட்ட அறிக்கையை அளித்தது.

அக்குழு சொன்னது என்ன? இலண்டன் மாநகரக் காவல்துறையில் இருந்தது நிறுவனம் சார்ந்த ஊழல் என்றது. கையூட்டு வாங்குவது மட்டும் ஊழலன்று. தன் நற்பெயரைக் காத்துக்கொள்ளும்பொருட்டு ஒரு நிறுவனம் தன் தவறுகளை மறைப்பதும் மறுப்பதும் ஊழலே என்று அது வரையறுத்தது. காவல்துறைத் தலைமை அம்முடிவை அப்போது ஏற்கவில்லை. 2023-இல், அவ்வழக்குத் தொடர்பான ஆவணங்கள் காவல்துறைத் தலைமையகத்திலேயே பூட்டிக்கிடந்த ஓர் அலமாரியில் கண்டெடுக்கப்பட்டன. அதே ஆண்டில் காவல்துறை குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கோரி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

பூட்டிய அலமாரி! எந்த நாடக ஆசிரியராவது இதை எழுதியிருந்தால் மிகைக்கற்பனை என்றே நாம் நகைத்திருப்போம். இங்கே மறைமுகத் தலைவன் ஒருவனும் இல்லை. சாவியைத் தேடாதவர்களும், தேடச் சொல்லாதவர்களும் இருந்தார்கள். 1 கோடியே 28 இலட்சம் பேர் மூச்சடக்கிப் பார்த்தது கற்பனை விசாரணையை. அவ்வறிக்கையின் சில பக்கங்களையேனும் புரட்டியவர் அவர்களுள் எத்தனை பேர் இருப்பர் என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமில்லாமற் போய்விடவில்லை. 1989 ஏப்ரல் 15-ஆம் நாள் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்க நெரிசலில் சிக்கி 97 பேர் மாண்டனர். பழி, இறந்த இரசிகர்கள்மீதே சுமத்தப்பட்டது. காவலர்தம் வாக்குமூலங்கள் 164 திருத்தி எழுதப்பட்டிருந்தன என்பதைத் தனிக்குழுவொன்று 2012-இல் வெளிப்படுத்தியது. அவர்கள் சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்று 2016-இல் சான்றாயர் கூறினர். பொதுப்பணியாளர் விசாரணைகளில் உண்மை உரைத்தல் சட்டக் கடமையாக வேண்டும் என்று மாண்டோரின் குடும்பத்தார் தொடர்ந்து குரல் கொடுத்தனர். அதன் பயனாக, 2025 செப்டம்பரில் அதற்கான சட்ட முன்வடிவு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. உண்மை பேசுவதைச் சட்டமாக்கலாம் என்று முன்வரவே 36 ஆண்டுகள் ஆயின! அதனைச் சாதித்தவர்கள் விறுவிறுப்பை நாடிய பார்வையாளர்கள் அல்லர். விறுவிறுப்பே இல்லாத ஆண்டுகளைப் பொறுமையோடு கடந்த தாய்மார்களும் தந்தைமார்களும் உடன்பிறந்தோருமே ஆவர்.

நாம் வேண்டுவது

இத்தகைய தொடர்களைப் பார்க்காதீர்கள் என்று மாணவர்க்கு அறிவுரை கூற நாம் முன்வரவில்லை. பாருங்கள். சான்றைக் கொண்டு வினவுவது எப்படி, பொய் எங்கே தடுமாறும், அஞ்சாமல் மறுக்கும் ஒருவனால் என்ன விளையும் என்பனவற்றை அவை நன்கு கற்பிக்கின்றன. ஆனால் விடை கிடைத்ததும் வினாவை மறந்துவிடாதீர்கள். குற்றவாளி யார் என்பது கதையின் வினா. அவனை யார் யார் அறிந்திருந்தனர், ஏன் வாளாவிருந்தனர் என்பதே வாழ்வின் வினா.

நாளை நீங்கள் அலுவலகங்களில் அமரப்போகிறவர்கள். சிலர் காக்கி உடையும் அணியக்கூடும். எல்லாரும் ஒரேவகையாகச் சொல்லிவிடுவோம் என்று ஒருநாள் யாரேனும் உங்களிடமும் தாழ்ந்த குரலில் கூறுவர். அப்போது இசை ஒலிக்காது. ஒளிப்படக் கருவி உங்கள் முகத்தை நெருங்காது. கைதட்ட ஒருவரும் இருக்கமாட்டார். அந்த அமைதியான அறையில் மறுத்துரைக்கும் துணிவை இக்கல்விக்கூடம் உங்களுக்குத் தந்திருக்குமானால், அதுவே உங்கள் ஆசிரியர்கள் பெறத்தக்க பெரும்பேறு என்போம்.