விரல் கேட்கும் பதில்

தட்டெழுத்து அடிக்கும் பெண்ணைப் பாருங்கள். பார்வை காகிதத்தில் இருக்கிறது. விரல்கள் மட்டும் பறக்கின்றன. எழுத்து தவறுவதில்லை. எப்படி?

விரலே அவளுக்குக் கண்!

கம்ப்யூட்டர் விசைப்பலகையில் 'எஃப்', 'ஜே' என்ற இரு ஆங்கில எழுத்துகளின் மேல் சிறு மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்கள் அதைத் தொட்டதும், மற்ற விரல்களும் தத்தம் இடத்துக்குப் போய்விடும். விசையை அழுத்தினால் முதலில் சற்று எதிர்க்கிறது. பிறகு 'டக்'கென்று இறங்குகிறது. அதுதான் விரலுக்குக் கிடைக்கும் பதில்.

பட்டன் போனிலும் 5-ம் எண்ணின் மேல் புள்ளி உண்டு. இருட்டிலும் எண்ணை அடிக்கலாம்.

கண்ணாடியின் தந்திரம்

2007-ல் ஐபோன் வந்தது. அதன்பின் பட்டன்கள் மறைந்தன. வழவழப்பான கண்ணாடி வந்தது. கண்ணாடி பதில் சொல்லாதே!

ஆகவே ஒரு தந்திரம் செய்தார்கள். போனுக்குள் ஒரு குட்டி மோட்டார். அதன் அச்சில் ஒருபக்கமாகச் சிறு எடை. மோட்டார் சுற்றினால் போன் அதிரும். புதிய போன்களில், காந்த சக்தி ஒரு சிறு எடையை முன்னும் பின்னும் உலுக்குகிறது. 2016-ல் வந்த ஐபோன் 7-ன் முகப்புப் பொத்தான் உண்மையில் அமுங்கவே அமுங்காது. அதிர்வுதான் அமுங்கியதுபோல் விரலை நம்பவைக்கிறது!

ஆனால் ஒரு குறை. மேடு, அழுத்துவதற்கு முன்பே இடத்தைக் காட்டும். அதிர்வோ, அழுத்திய பிறகுதான் வரும். தவறான இடத்தைத் தொட்டாலும் அதே அதிர்வுதான்!

கடலில் நடந்த விபரீதம்

2017 ஆகஸ்டு 21-ந்தேதி அதிகாலை. சிங்கப்பூர் அருகே 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், ஒரு டேங்கர் கப்பலுடன் மோதியது. 10 மாலுமிகள் மாண்டார்கள்.

கப்பலின் திசையையும் வேகத்தையும் தொடுதிரையில்தான் கட்டுப்படுத்தினார்கள். வேகத்தைக் குறைத்தபோது, இரண்டு சுழல்விசிறிகளில் ஒன்று மட்டுமே வேகம் குறைந்தது. மாலுமிகளுக்கு அது தெரியவில்லை. கப்பல் ஒருபக்கமாகத் திரும்பிவிட்டது.

பயிற்சிக் குறைவும், தொடுதிரையின் அமைப்பும் விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. கையால் தள்ளும் கைப்பிடிகளையே மீண்டும் வைப்பது என்று 2019-ல் அமெரிக்கக் கடற்படை முடிவு செய்தது. இரண்டு கைப்பிடிகளில் எது முன்னே, எது பின்னே என்று கைக்கே தெரியும் அல்லவா?

பார்வையற்றோர் என்ன செய்வார்?

2014 ஜூலை முதல் புதிதாக வைக்கும் ஏ.டி.எம். யந்திரங்கள் எல்லாம் பேசவேண்டும், அவற்றில் பிரெயில் எழுத்து விசைகளும் இருக்கவேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. பணம் கட்டும் எல்லா யந்திரங்களுக்கும் இந்த நியாயம் பொருந்தும்.

வெறும் கண்ணாடியில் ரகசிய எண்ணை அடிக்கச் சொன்னால், பார்வையற்றவர் என்ன செய்வார்? பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லி அடிக்கச் சொல்லவேண்டும். அப்புறம் அதில் ரகசியம் ஏது?

கண்ணாடித் திரை வேண்டாம் என்பதல்ல. படம் பார்க்கவும் படிக்கவும் அது அருமையான சாதனம். ஆனால் உயிரும் பணமும் சம்பந்தப்பட்ட இடத்தில், விரலுக்குத் தெரியும் பட்டனும் இருக்கவேண்டும்.

ஒரு சிறு மேடு வைக்க அதிகச் செலவு ஆகாது. யந்திரம் செய்கிறவர்கள் அந்தச் சிறு மேட்டை மறக்கக்கூடாது!