மவுண்ட் ரோட்டின் மினாராக்கள்



சென்னை அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் கூடும் முனையில் ஒரு பழைய மாளிகையைக் கண்டிருப்பீர்கள். கல்லூரிப் பருவத்தில் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து அதன் குவிமாடங்களையும் மெலிந்த மினாராக்களையும் நோக்கி, யாரோ ஒரு நவாபின் அரண்மனை என்றே எண்ணியிருந்தேன். உண்மையில் அது மருந்துக்கடையாக எழுந்த கட்டடம்! டபிள்யூ. ஈ. ஸ்மித் நிறுவனத்தாருக்காக 1897-இல் ஜே. எச். ஸ்டீபன்ஸ் எனும் கட்டடக் கலைஞர் அமைத்தது. பின்னர் பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி அதை 1934-இல் வாங்கியது. 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது எல்.ஐ.சி.யின் உடைமையாயிற்று.

இந்தக் கட்டடப் பாணிக்கு இந்தோ-சாரசனிக் என்று பெயர். 'சாரசன்' என்பது முற்கால ஐரோப்பியர் முஸ்லிம்களைச் சுட்டிய சொல். நம் கட்டடக் கலையைக் கண்டு ஆங்கிலேயர் வரைந்த வடிவம் அது, நமக்கு அந்நியமானதன்று.

2006-இல் இதை இடிக்கத் தொடங்கினார்கள். பழமையால் வலுவிழந்துவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். 'உடைமையாளர் தம் கட்டடத்தை இடித்தால் பிறருக்கென்ன?' என்று நீங்கள் வினவலாம். நானும் முதலில் அவ்வாறே நினைத்தேன். ஆனால் பழுது பார்க்காமல் விட்ட எந்தக் கட்டடம்தான் வலுவோடு நிற்கும்? மேலும் எல்.ஐ.சி. தனியார் நிறுவனமன்று, நம்மைப் போன்றோர் கட்டும் பிரீமியத்தில் வளர்ந்த பொது நிறுவனம். அதே சாலையில் 1959-இல் திறக்கப்பட்ட அதன் உயரமான கட்டடத்தை வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்த காலமும் உண்டு. புதியதைப் பேணத் தெரிந்தவர்களுக்குப் பழையதைப் பேணுவதா கடினம்?

'இன்டாக்' அமைப்பினர் நீதிமன்றம் சென்றனர். இடிப்பு பாதியில் நின்றது. அவர்களுக்குக் கைகொடுத்த சான்றுதான் விந்தையானது. நகரின் விளம்பரப் பலகைகளை ஆராய நீதிபதி பத்மநாபன் தலைமையில் அமைந்த குழு, அவை எந்தப் பழங்கட்டடங்களை மறைக்கின்றன எனக் காண ஒரு பட்டியல் தயாரித்தது. பலகைக்காகப் பிறந்த அப்பட்டியல் கட்டடங்களுக்கே கேடயமாயிற்று! 2010 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இந்த மாளிகையை இடிக்கலாகாது எனத் தீர்ப்பளித்தது. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கக் குழு அமைக்கவும் பணித்தது.

இதற்கெனத் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வந்ததோ 2024-இல். சட்டத்துக்கே பன்னிரண்டு ஆண்டு உறக்கமென்றால் சுண்ணாம்புச் சுவர் என்ன செய்யும்? வழக்கில் வென்ற அந்த மாளிகை, தீர்ப்புக்குப் பின்னும் பல்லாண்டுகள், இடித்த இடம் இடித்தபடியே, சுவர்களில் செடிகள் முளைக்க நின்றிருந்தது.