நூற்றுக்கு இருபது குறைக்கவும்

தசை வளர்த்துக் காட்டும் போட்டிக்கு நமது வழக்கில் ‘ஆணழகன் போட்டி’ என்று பெயர். அந்த மேடையில் ஒரு பெண் ஏறினால் என்ன பெயர் சொல்லி அழைப்பது? ‘அழகுராணி’ என்றால் அது வேறு. அங்கே தசை கேட்பதில்லை. தசை ஆணுக்கு அழகு, பெண்ணுக்கு அது அழகல்ல என்ற தீர்ப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இப்படி நினைப்பவர்கள் நாம் மட்டுமல்லர். பெண்களுக்கென்றே இந்தப் போட்டியை நடத்திய சர்வதேச உடற்கட்டழகுச் சம்மேளனமும் அதே தீர்ப்பைத்தான் புள்ளித்தாளில் எழுதியது.

‘இது நமக்கு எதற்கு? அரைகுறை ஆடையில் நின்று உடம்பைக் காட்டும் கூத்துக்கு இலக்கியச் சஞ்சிகையில் பக்கமா?’ என்று கேட்கக்கூடிய நண்பர்கள் எனக்கு உண்டு. ஆடை பற்றிய வாதத்தை அவர்கள் தாராளமாகச் செய்யட்டும். ஆணழகனின் கோவணத்துண்டையும் சேர்த்துக்கொண்டு செய்யட்டும். நான் பேச வந்தது புள்ளியிடும் நீதி பற்றி. ‘பெண்மை’ என்ற சொல்லை அளவுகோலாக ஏந்தித் திரிவோர் நமது விமர்சன உலகிலும் குறைவில்லை. ஒரு பெண் சற்று உரத்துக் கவிதை எழுதிவிட்டால் ‘நளினம் போதாது’ என்று முகம் சுளிக்கும் பேனாக்களை நாம் வாசிக்காமலா இருக்கிறோம்? ஆகவே இந்தக் கதை நமக்கும் ஆகும்.

‘மிஸ் ஒலிம்பியா’ போட்டி 1980இல் அமெரிக்காவில் தொடங்கியது. முதற் பட்டம் ரேச்சல் மெக்லிஷுக்கு. மெலிந்த, சீரான, ஓரளவே தசை திரண்ட உடல், ஒருவருக்கும் சங்கடமில்லை. சங்கடம் 1983இல் லாஸ் வேகாஸ் நகரில் வந்தது. அங்கே நடந்த போட்டியொன்றுக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து பெவ் பிரான்சிஸ் வந்தார். பாரம் தூக்குவதில் உலகச் சாம்பியன். மல்லாந்து படுத்தபடி 300 இறாத்தல், அதாவது சுமார் 136 கிலோ, தூக்கிய முதற் பெண். தசையின் அளவில் அவருக்கு அருகே நிற்க அம்மேடையில் ஆளில்லை. அவருக்குக் கிடைத்தது எட்டாம் இடம்.

இப்போட்டியை வைத்து 1985இல் வெளிவந்த ‘பம்ப்பிங் அயன் 2’ என்ற விவரணப்படத்தைப் பழைய மாணவர் ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்து தந்தார். அதில் ஒரு காட்சி. நடுவர்களை இருத்தி வைத்து, பெண்மை குலையாத உடலையே தேடவேண்டும் என்று அதிகாரிகள் உபதேசிக்கிறார்கள். ஒரு நடுவர் மட்டும் மறித்துப் பேசுகிறார்: பனிச்சறுக்கும் பெண்களிடம் இவ்வளவு வேகத்துக்கு மேல் போகாதே என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கேள்விக்கு நேரான விடை வரவில்லை. மெக்லிஷும் வேண்டாம், பிரான்சிஸும் வேண்டாம் என்று இரண்டுக்கும் நடுவே நின்ற கார்லா டன்லப்புக்கு முதலிடம் போயிற்று. டன்லப் திறமைசாலி, அதில் எனக்கு வழக்கில்லை. வழக்கெல்லாம் அளவுகோலைப் பற்றியதே.

பிரான்சிஸ் விட்டுவிடவில்லை. கேட்டபடி உடலைக் குறைத்தார், தோற்றத்தை மாற்றினார், ஏணியில் மெல்ல மெல்ல ஏறினார். 1991இல் மனம் பொறுக்காமல் மீண்டும் பெருத்த தசையோடு வந்தார். கடைசிச் சுற்றுக்கு முன்வரை முன்னணியில் நின்றவர் ஒரேயொரு புள்ளியால் லெண்டா மரேயிடம் தோற்றார். அடுத்த வருடமே பெண்கள் அளவுமீறிப் பெருக்கக்கூடாது என்ற விதி வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பின் வென்றவர்கள் சிறுத்தார்களா? இல்லை. 1996 முதல் 1999 வரை வென்ற கிம் சிசெவ்ஸ்கி முன்னையவர்களிலும் பெரியவர். விதி ஒரு பக்கம், பரிசு ஒரு பக்கம். எதற்குப் புள்ளி என்று தெரியாமல் பயிற்சி செய்யும் பெண்ணின் நிலையைப் பாடத்திட்டம் தெரியாமல் பரீட்சை எழுதும் பிள்ளையோடு ஒப்பிடலாம். 2000இல் முகம், ஒப்பனை, சருமம் எல்லாவற்றுக்கும் கவனம் உண்டு என்று இன்னொரு அறிவித்தல். தசைப் போட்டியில் ஒப்பனைக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடாது போலும்.

எல்லாவற்றுக்கும் சிகரம் 2004 டிசம்பரில் வந்த சுற்றுநிருபம். அழகுக்காகவும் சுகநலத்துக்காகவும் பெண் போட்டியாளர்கள் தமது தசையை நூற்றுக்கு இருபது வீதம் குறைத்துக்கொள்ள வேண்டுமாம்! சுற்றுநிருபங்களோடு காலம் தள்ளும் ஆசிரியன் என்ற வகையில் விசித்திரமானவை பல பார்த்திருக்கிறேன், இதற்கு ஈடில்லை. எதில் இருபது வீதம்? நிறையிலா, புயத்தின் சுற்றளவிலா? முழுத்தொகை தெரியாமல் வீதம் காணமுடியாது என்பது ஏழாந்தரத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஐம்பது கிலோப் பெண்ணுக்கும் எழுபது கிலோப் பெண்ணுக்கும் அதே இருபதா? இதற்கு முந்திய வருடம், 2003இல், ரொனி கோல்மன் 287 இறாத்தலோடு, சுமார் 130 கிலோ, மேடையேறி ‘மிஸ்டர் ஒலிம்பியா’ பட்டத்தைத் தூக்கிச் சென்றார். அவரை இருபது வீதம் குறைக்கச் சொன்னார் உண்டா? ஆணுக்குத் தசை கூடக்கூட ஆரவாரம், பெண்ணுக்குக் கூடக்கூடப் புள்ளிக் குறைப்பு.

ஊக்கமருந்தைச் சொல்லி இதை நியாயப்படுத்துவோர் இருக்கின்றனர். வலுவான வாதம், தட்டிவிட முடியாது. ஆண் ஹோர்மோன் வகை மருந்துகள் பெண்ணின் குரலைத் தடிக்கச் செய்யும், மாதவிடாயைக் குழப்பும். சில மாற்றங்கள் மருந்தை விட்டாலும் மீள்வதில்லை. ஆனால் ஆணின் இதயத்தையும் ஈரலையும் அவை சும்மா விடுவதில்லையே. நோக்கம் சுகநலம் என்றால் இரு பாலாரையும் கண்டிப்பாகப் பரிசோதியுங்கள். மருந்தைக் கண்ணால் காணமுடியாது, தசையைக் காணலாம் என்பதற்காகத் தசைக்குத் தண்டனை கொடுப்பது களவை விட்டுவிட்டுச் செல்வத்தைத் தண்டிப்பதாகும். அந்த வஸ்துக்களைத் தொடாமல் உழைத்தவளும் அல்லவா அதில் அகப்படுகிறாள்?

கண்ணால் மதிப்பிடும் போட்டியில் அழகும் ஓர் அம்சம்தானே என்பார்கள். ஆம். உடலின் சமச்சீர், அளவுப் பொருத்தம் எல்லாம் ஆணிடமும் கேட்கப்படுகின்றன. பெண்ணிடம் மட்டும் கூடுதலாக ஒரு பாடம் வைத்து, அதற்குப் புள்ளித்திட்டம் எழுதாமல் விடுவதுதான் அநியாயம்.

விஷயம் சந்தை சார்ந்தது என்பதை அடுத்து வந்த பிரிவுகள் காட்டின. ஒலிம்பியா மேடையில் 1995இல் ‘பிட்னஸ்’, 2003இல் ‘பிகர்’, 2010இல் ‘பிகினி’. எல்லாமே தசைப் போட்டியைவிடத் தசை குறைந்தவை. ‘பிகினி’ என்று ஆடையின் பெயரையே விளையாட்டுக்குச் சூட்டியபோது மறைப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. விரும்பிப் போகிறவர் போகட்டும். ஆனால் 2014உடன் ‘மிஸ் ஒலிம்பியா’வையே நிறுத்திவிட்டார்கள். பத்துத் தடவை பட்டம் வென்ற ஐரிஸ் கைல் அந்த வருடமும் வென்றிருந்தார். பார்க்க ஆளில்லை என்ற சாட்டும் சொல்லப்பட்டது. பெண்களின் தசைப் போட்டியை விடாது ஆதரித்துவந்த ஒருவர் ஒலிம்பியாவை வாங்கிய பிறகு, 2020இல் போட்டி திரும்பி வந்தது. அன்று பட்டம் வென்ற அன்ட்ரியா ஷோ இருபது வீதம் குறைத்துக்கொண்டு வந்தவரல்லர்.