ஓலையில் பெயர் எழுத ஒரு கோடி!

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்தருகே நின்று பார்ப்பவர்க்குச் சுவரெங்கும் எழுத்துத் தெரியும். முதற் பராந்தகச் சோழன் காலத்து எழுத்து. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தது. குடவோலை என்ற சொல்லைப் பள்ளியில் படிக்காத தமிழர் இல்லை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதி, குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆட்டை வாரியத்துக்கும் ஆள் தேர்ந்தார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு டெல்லியில் அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இந்தக் கல்வெட்டை எடுத்துப் பேசினார். கேட்டோம், களித்தோம், கைதட்டினோம்!

தட்டிய கரங்கள் சற்று ஓயட்டும். கல்வெட்டை இன்னும் நாலு வரி படிப்போம். யார் பெயர் ஓலையில் ஏறலாம்? முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும், மறை ஓதியிருக்கவேண்டும், இவற்றுக்கெல்லாம் முன்னதாக, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்கவேண்டும். இன்றைய அளவில் ஒன்றரை ஏக்கருக்கு மேல்! நிலம் இல்லாதவன் பெயர் ஓலையில் இல்லை. ஓலையில் இல்லாத பெயர் குடத்தில் இல்லை. குடத்துக்குள் கைவிட்ட சிறுவன் குற்றமற்றவன்தான். ஆனால் குடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் எத்தனை பேர் என்பதைக் கல் சொல்லவில்லை.

ஆயிரத்து நூறு ஆண்டுக் கதையை இன்று எடுப்பானேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

சென்ற கோடையில், இதே வட்டத்தைச் சேர்ந்த உழவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். இரண்டு ஏக்கர் ஏரிப் பாசன நிலம்; ஒரே பெண். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலிலும் கணக்கிலும் ஊரே பேசும் மதிப்பெண். வந்தவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “ஐயா, விமானம் ஓட்ட ஆள் கிடைக்கவில்லை என்று பத்திரிகையில் போடுகிறார்களே, என் பெண் போகிறேன் என்கிறாள். யாரைப் போய்ப் பார்க்கவேண்டும்?”

யாரைப் பார்ப்பது? கோடியைப் பார்க்கவேண்டும்!

வணிக விமானி உரிமம் பெற இருநூறு மணி நேரம் பறந்திருக்கவேண்டும். அதற்கு ஐம்பது லட்சமும் அதற்கு மேலும் ஆகிறது. உரிமம் கைக்கு வந்தபின், குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி. அதற்கும் பல லட்சம். பெரிய கம்பெனிகள் தாமே ஆள் எடுத்துப் பயிற்றுவிக்கும் திட்டங்களில் சேர்ந்தாலோ மொத்தச் செலவு கோடியைத் தொடுகிறது. பயிற்றுவிப்பது கம்பெனி, பணம் கட்டுவது பயில்பவன்! வங்கிக்குப் போகலாமே என்றால், ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்தைப் பிணை வைக்கவேண்டும். அவர் போகாமலில்லை, போயிருக்கிறார். “நிலப் பத்திரத்தோடு இன்னும் என்னென்ன இருக்கிறது?” என்று கேட்டார்களாம். கல்வெட்டில் கால் வேலி கேட்டார்கள். வங்கியிலே அதற்கு மேலும் கேட்கிறார்கள். அன்றைய வாசகத்தில் நிலம் எவ்வளவு என்றாவது எழுதி வைத்தார்கள். இன்று அதுவும் இல்லை. ‘திறமையுள்ள எவரும் வரலாம்’ என்று விளம்பரம் அழைக்கிறது!

இதிலே வேடிக்கை, ஒரு புறம் விமானி பஞ்சம், மறுபுறம் வேலையற்ற விமானிகள். 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,622 பேருக்கு வணிக விமானி உரிமம் வழங்கப்பட்டது. அதுவரை எந்த ஆண்டும் வழங்காத எண்ணிக்கை. அவர்களிலே உரிமத்தை உறையில் வைத்துக்கொண்டு, கடன் தவணையைக் கட்டிக்கொண்டு, அழைப்புக்குக் காத்திருப்போர் பலர். பிறகு எங்கே பஞ்சம்? விமானத்தின் முன்னறையில் இரண்டு இருக்கைகள் உண்டு. வலப்புறம் துணை விமானி. இடப்புறம் தலைமை விமானி. பஞ்சம் இடப்புறத்தில்! அந்த இடத்தில் அமர ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும்; அதற்கு மேல் ஆண்டுகள் சில பணியாற்றியிருக்கவும் வேண்டும். அந்த மணிநேரத்தைக் கடையில் வாங்க முடியாது. அவசரமாக அச்சடிக்கவும் முடியாது. வலப்புறத்தில் உட்காரவைத்து, பொறுமையாக வளர்க்கவேண்டும்.

வளர்ப்பார்களா முதலாளிமார்? வளர்ப்பதைவிட வளர்ந்ததைப் பறிப்பது மலிவு என்று அவர்களது கணக்கு சொல்கிறது. சேர்ந்தால் ரொக்கப் பரிசு, தங்கினால் மறு பரிசு, நண்பனை அழைத்து வந்தால் அதற்கொரு பரிசு! உத்தரமேரூர்ப் பக்கத்து உழவர்களுக்கு இது புதிதல்ல. ஏரியில் தண்ணீர் ஏறாத ஆண்டில், இரவோடிரவாக அடுத்தவன் வரப்பை வெட்டித் தன் வயலுக்குத் திருப்புகிறவன் உண்டல்லவா? அவன் வயல் நனையும். ஏரியில் ஒரு சொட்டுக் கூடியிருக்காது. கடைமடைக்காரன் காய்ந்து போவான்.

விமானத் தொழிலின் கடைமடை எது? சிற்றூர் விமானச் சேவை. எழுபது பேர் அமரும் ஏடிஆர் விமானத்தைச் சேலத்துக்கும் மைசூருக்கும் ஓட்டும் சிறு கம்பெனி, பச்சை உரிமத்தோடு வரும் இளைஞனை எடுத்துப் பயிற்றும். அவன் கை தேர்ந்ததும் பெரிய கம்பெனி கூடுதல் ஊதியம் காட்டும், அவன் போவான். போகிறவனைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. வீட்டை அடகு வைத்துப் படித்தவன் கடனடைக்கும் வழியைத்தான் தேடுவான்.

இதைத் தடுக்கச் சர்க்கார் கண்ட வழி என்ன தெரியுமா? நோட்டீஸ் காலம்! 2005இல் விமானிகளுக்கு ஆறு மாத நோட்டீஸ் என்றார்கள். 2017இல் தலைமை விமானிக்கு ஓர் ஆண்டு என்று நீட்டினார்கள். ஓர் ஆண்டு! ராஜினாமா கொடுத்தபின் நான்கு பருவமும் கண்டுதான் நகரவேண்டும். நின்றதா ஓட்டம்? 2023இல் ஆகாசா ஏர் கம்பெனியிலிருந்து 43 விமானிகள் நோட்டீஸ் காலத்தைப் பொருட்படுத்தாமல் வெளியேறினார்கள், விமானங்கள் ரத்தாயின, கம்பெனி நீதிமன்றப் படியேறியது.

பெரிய கம்பெனியாவது போதிய ஆள் வைத்திருக்கிறதா? விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியும், இரவுத் தரையிறக்கத்தை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தும் விதி வந்தது. 2023 ஆகஸ்டில் நாகபுரி விமான நிலையத்தில் பணிக்குப் புறப்படவிருந்த விமானி ஒருவர் மயங்கி விழுந்து மாண்ட செய்தியைப் படித்தவர்கள், ஓய்வு பற்றிய விதி வேண்டுமா என்று கேட்கமாட்டார்கள். விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பரில். முன்கூட்டியே அறிவித்த விதிதான். ஆயினும் நாட்டின் மிகப் பெரிய கம்பெனியான இண்டிகோ, டிசம்பர் 5ஆம் நாள் ஒன்றில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்களை ரத்துச் செய்தது. திருமணத்துக்குப் புறப்பட்டவரும் சிகிச்சைக்குப் புறப்பட்டவரும் தரையில் படுத்துக் கிடந்தார்கள். முடிவில் வளைந்தது யார்? விதி! அந்தக் கம்பெனிக்கு மட்டும் சில விதிகளில் தற்காலிக விலக்கு அளித்தார்கள். ஆள் எடுக்காத குற்றம் கம்பெனியுடையது. தூக்கம் இழக்கும் தண்டனை விமானியுடையது.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 12ஆம் நாள் பஃபலோ நகரருகே கோல்கன் ஏர் என்ற வட்டாரக் கம்பெனியின் விமானம் விழுந்து ஐம்பது பேர் மாண்டனர். துணை விமானி எவ்வளவு குறைந்த ஊதியம் பெற்றார், எப்படி இரவெல்லாம் பயணம் செய்து பணிக்கு வந்தார் என்பது விசாரணையில் வெளிவந்தபோது அந்நாடு நாணியது. 2013இல், துணை விமானியும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்கவேண்டும் என்று விதித்தார்கள். கற்கும் செலவு கூடிற்று, வருவோர் குறைந்தனர், பிறகுதான் பரிசு மழை. 2022 ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் மூன்று வட்டாரக் கம்பெனிகள் ஊதியத்தைப் பெருமளவு உயர்த்தின. அதே மாதத்தில் அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸ், வட்டார விமானிகள் போதவில்லை என்று காரணம் காட்டி டொலிடோ, இதாகா, இஸ்லிப் ஆகிய மூன்று ஊர்களுக்குச் சேவையை நிறுத்தப் போவதாக அறிவித்தது. ஊதியம் உயர்ந்தது நல்லதே, உழைப்பவனுக்குக் கிடைக்கட்டும். ஆனால் கூடுதல் பணத்தால் ஒரே நாளில் ஒரு தலைமை விமானி முளைத்துவிடவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். சாதாரணச் செருப்பணிந்தவனும் விமானத்தில் ஏறவேண்டும் என்ற முழக்கத்தோடு 2017 ஏப்ரலில் ‘உடான்’ திட்டத்தின் முதல் விமானம் பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய். இழப்பை ஈடுகட்ட மூன்றாண்டு மானியம். மானியத்தில் ஐந்தில் ஒரு பங்கு மாநிலங்களின் பொறுப்பு. நல்ல நோக்கம், மறுக்கவில்லை. நடந்தது என்ன? 2023இல் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொல்கிறது: ஆராய்ந்த 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை, தொடங்கிய 371இல் மூன்றாண்டு நிறைத்தவை 112, மானியம் முடிந்தபின்னும் நிலைத்தவை 54! சேலத்துக்கு 2018 மார்ச்சில் விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. வேலூரும் நெய்வேலியும் பட்டியலில் ஏறி, ஓடுபாதை கண்டு, 2024 முடியும்வரை பயணி விமானம் காணவில்லை. எல்லாம் விமானி இல்லாத குறையால்தான் என்று சொல்லமாட்டேன். விமானம் இல்லை, பயணி இல்லை, எண்ணெய் விலை ஏற்றம் என்று காரணங்கள் பல. ஆயினும் ஓடுபாதைக்குக் கோடி, கட்டடத்துக்குக் கோடி, காலி இருக்கைக்குக் கோடி என்று அள்ளிக் கொடுத்த கை, ஓட்டுகிறவனை உருவாக்க மட்டும் ஏன் மூடிக்கொண்டது?

மூடவில்லை என்பார்கள். உத்தரப் பிரதேசத்து ஃபர்சத்கஞ்சில் 1985 முதல் மத்திய சர்க்காரின் விமானப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. இட ஒதுக்கீடும் உண்டு. உண்மை. கட்டணம்? 45 லட்சத்தைத் தொட்டிருக்கிறது. ஆதிதிராவிட மாணவர்க்கான மத்திய சர்க்காரின் உயர்தரக் கல்வித் திட்டத்தில் விமானப் பயிற்சியையும் சேர்த்தார்கள். தனியார் பயிற்சிக்கு ஆண்டுக்கு 3.72 லட்சம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஐம்பது லட்சம் கேட்கும் இடத்தில்! பந்தியில் இலை போட்டு உப்பு வைத்துவிட்டு, சோறு எங்கே என்று கேட்டால் இலையைக் காட்டுகிறார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. உடான் மானியத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பயிற்சிக்குத் திருப்புங்கள். தலைக்கு ஐம்பது லட்சம் என்றாலும் நூறு பேரை உருவாக்க ஐம்பது கோடி. அரசுப் பள்ளியில் படித்தவரைத் தேர்வு வைத்து எடுங்கள். ஒரு காசு வாங்காதீர்கள். உரிமம் பெற்றபின் ஐந்தாண்டு சிற்றூர்த் தடங்களில், குறையாத ஊதியத்தோடு பணியாற்றவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அரசுச் செலவில் மேற்படிப்புப் படித்த மருத்துவர் சில ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் பணியாற்றுவதில்லையா? இது கொத்தடிமைப் பத்திரம் ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். தன் நிலத்தை விற்றுப் படித்தவனை ஓராண்டு கட்டிப்போடுவது வேறு. ஊர்ப்பணத்தில் படித்தவன் ஊருக்குச் சில ஆண்டு உழைப்பது வேறு.

தமிழ்நாட்டுக்கு இது புது வழியுமல்ல. 2020இல் மருத்துவக் கல்லூரி இடங்களில் 7.5 விழுக்காடு அரசுப் பள்ளி மாணவருக்கு என்று சட்டம் செய்தோம். இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வகையின்றிச் சிலர் தவித்தபோது, கட்டணத்தையும் அரசே ஏற்றது. பின்னர் பொறியியலுக்கும் அது விரிந்தது. கூலித் தொழிலாளியின் மகள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குவதைக் கண்ட நாடு இது. தோளில் நான்கு பட்டை தங்க இழை ஏறுவதற்கு மட்டும் என்ன தடை?

“ஏழையின் வரிப்பணத்தில் விமானியா?” என்று முகம் சுளிப்போர்க்கு ஒன்று சொல்வேன். இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் வேண்டுமாம். ஏகனாபுரம் மக்கள் வயலையும் ஏரியையும் விடமாட்டோம் என்று ஆயிரம் நாளுக்கும் மேலாகப் போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் நியாயம் தனியே எழுதவேண்டிய பொருள். இன்னொரு ஞாயிறு எழுதுவேன். இன்று ஒன்றே ஒன்று கேட்கிறேன். விமானம் இறங்க எங்கள் மாவட்டத்து நிலம் வேண்டும். அதை ஓட்ட எங்கள் மாவட்டத்துப் பிள்ளை வேண்டாமா? கட்டடம் எழும்போது சித்தாள் வேலைக்கும், எழுந்தபின் பெட்டி தூக்கவும் தரை துடைக்கவும் மட்டும்தானா எங்கள் பெயர் ஓலையில் ஏறும்?

அந்த உழவரைச் சென்ற மாதம் கடைவீதியில் மீண்டும் பார்த்தேன். பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டாளாம், விடுதியில் இருக்கிறாளாம். “நிலத்தை விற்கட்டுமா என்று கேட்டேன் ஐயா, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இரண்டு ஏக்கரையும் விற்றாலும் பாதிக்குக்கூட வராது என்று அவளே கணக்குப் போட்டுக் காட்டினாள்” என்றார். பேருந்து வந்தது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.