ஸ்டாம்பு சேர்த்தால் ஹாபி, ஸ்டேஷன் சேர்த்தால் வியாதியா?

2022 மார்ச் 20-ஆம் தேதி ஜியா ராய் என்ற 13 வயதுச் சிறுமி தலைமன்னாரில் கடலில் இறங்கி, 29 கிலோமீட்டர் நீந்தி, 13 மணி 10 நிமிடத்தில் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கரையேறினாள். ஆட்டிசம் உள்ள பெண். கடற்படை ஊழியரின் மகள். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பட்டது வேறு... அந்தப் பிள்ளைக்கு இறங்கிப் பழக ஓர் இடம் கிடைத்ததே!

நம்ம கும்மிடிப்பூண்டி பக்கம் வாருங்கள். ஞாயிறு ஆனால் எந்த மைதானத்திலும் கிரிக்கெட்தான். ஆட்டிசம் உள்ள பையன் அங்கே வந்தால்? விசில், கூச்சல், தள்ளுமுள்ளு! இவர்களில் பலருக்கு அந்தச் சத்தம் காதில் ஊசி குத்துகிற மாதிரி. ஓடிவிடுவான். உடனே நாம், "அவனுக்கு விளையாட்டே பிடிக்காதுப்பா" என்று முடித்துவிடுவோம். ஊஞ்சல், சைக்கிள், நீச்சல் என்று தன் போக்கில், ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்கிறதைக் கொடுத்துப் பார்த்தோமா?

ஹாபி விஷயமும் இப்படித்தான். சில பிள்ளைகள் மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சில பேர் சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் அதட்டு விழும். ஃப்ளைவீலை வாய் பிளந்து பார்க்கிற மெக்கானிக்கல்காரனை யாராவது அதட்டுகிறார்களா?

இன்னொன்று. இந்தப் பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம். கண் அசந்தால் தனியே கிளம்பிவிடுவதும் உண்டு. ஏரிகளும் ஆரணியாறும் உள்ள திருவள்ளூர் மாவட்டத்தில் அவர்களுக்கு நீச்சல் சொல்லித் தருவது உயிர் காக்கிற வேலை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. விளையாட்டும் பொழுதுபோக்கும் உரிமை என்று எழுதியும் இருக்கிறது. முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆனால் சென்னையையே தாண்டிப் போகணும். சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிற அப்பா வாரத்துக்கு எத்தனை லீவு போடுவார்?

ஆகவே யூனியனுக்கு என் கோரிக்கை. ஞாயிறு காலை 7 முதல் 8 வரை நம் கிரவுண்டை இந்தப் பிள்ளைகளுக்கு விடுங்கள். விசில், மைக் கூடாது, கேட் சாத்தியிருக்கணும். ஒர்க்‌ஷாப்பில் மிஞ்சிய நல்ல பைப்பில் ஊஞ்சல் ஸ்டாண்டு ஒன்று வெல்டு பண்ணலாம், பிசிறெல்லாம் ஃபைல் போட்டு மழமழவென்று. கிரிக்கெட் டீம் எட்டு மணிக்கு வந்தால் போதும்.