மலரின் கடைசிப் பக்கம்

பள்ளிதோறும் ஆண்டுக்கு ஒருமுறை மலர் ஒன்று வெளியிடுதல் வழக்கம். சோலையில் பூக்கும் மலர் காலையில் விரிந்து மாலையில் வாடும். பள்ளியில் பூக்கும் மலரோ ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் பெட்டியின் அடியிலிருந்து எடுக்கப்படும். பாட்டனார் தம் பேரனுக்கு அதனை விரித்துக் காட்டுவார். அவ்வாறு விரிக்கும்பொழுது அவர் முதலில் நாடும் பக்கம் எது? பெரியோர் வழங்கிய வாழ்த்துரையா? அன்று. தலைமையாசிரியரின் ஆண்டறிக்கையா? அதுவும் அன்று. வகுப்புப் படமும், அதன்கீழ் வரிசையாக நிற்கும் பெயர்களுமே அவர் கண்கள் தேடுவன. தம் பெயரின்மேல் விரலை வைத்து, "இதோ, நான்!" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே மலர் பிறந்தது என்றாலும் மிகையாகாது.

மாணவர்களே! இத்தகைய மலரை உருவாக்கும் பொறுப்பு உங்களுள் சிலருக்கும் வந்து சேரும். பல ஆண்டுகள் அப்பணியில் உழைத்தவன் என்னும் முறையில் என் கருத்தொன்றை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். குறித்த நாள் நெருங்கும்பொழுது எதனை விடலாம், எதனை விடலாகாது என்பதே அது.

மலர்க்குழு அமைவது பெரும்பாலும் ஆடித் திங்களில். விழாவோ தையிலோ மாசியிலோ வரும். இடையில் ஆறு திங்கள் உள்ளன என்னும் எண்ணமே முதற்பகை. காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்போம். பின்னர் அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்போம். பொங்கல் விடுமுறையும் கழியும். 'மடியின்மை' என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், காலம் நீட்டித்தலைக் கெடுவோர் விரும்பி ஏறும் மரக்கலத்தோடு சேர்த்து எண்ணுகின்றார். ஏறும்பொழுது அக்கலம் இனிதாகவே இருக்கும். நடுக்கடலில்தான் அதன் ஓட்டை தெரியும். விழாவிற்குப் பத்து நாள்களே எஞ்சியிருக்கும்பொழுது நாமும் ஓட்டையைக் காண்கிறோம்.

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று நன்னூலார் வகுத்துரைப்பார். அவற்றுள் ஒன்று 'சென்று தேய்ந்து இறுதல்'. தொடக்கத்தில் சிறப்புற்று, செல்லச் செல்ல மெலிந்து, இறுதியில் ஒன்றுமின்றி முடிதல் என்பது அதன் பொருள். பள்ளி மலர்கள் பலவற்றின் குற்றம் இதுவேயாகும். அட்டைப் படத்திற்கு மூன்று வாரம் ஆராய்வோம். வாழ்த்துரைகளை நான்கு முறை திருத்துவோம். கடைசிப் பக்கங்களுக்கு ஓரிரவே எஞ்சும். மாணவர்தம் பெயர்ப்பட்டியலோ அக்கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். எல்லோரும் முதலில் தேடும் பக்கத்தை நாம் எல்லாவற்றிற்கும் பின்னர்ச் செய்கின்றோம்.

இக்குற்றத்தை நான் நூலிற் கற்றதோடு நில்லாமல், செய்தும் கற்றேன். 1988-ஆம் ஆண்டு, தமிழாசிரியப் பணியில் புதிதாகச் சேர்ந்த காலம். மலரின் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்நாளில் எங்கள் ஊர் அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்தே அச்சிடுவர். எட்டுப் பக்கங்கள் சேர்ந்தது ஒரு பாரம். எழுத்துகள் அளவாகவே இருந்தமையால், ஒரு பாரம் அச்சேறியவுடன் அவ்வெழுத்துகளைக் கலைத்து அறைகளில் இட்டு, அடுத்த பாரத்தைக் கோப்பர். கலைத்த பின்னர்த் திருத்தம் என்பதற்கு இடமே இல்லை. தை மாதமாதலின் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ்கள் குவிந்து கிடந்தன. கட்டுரைகளைக் காலந்தாழ்த்திக் கொடுத்த நான், அச்சகத்தாரை விரைவுபடுத்தினேன். கடைசிப் பாரத்தின் மெய்ப்பு இரவு பதினொரு மணிக்கு என் கைக்கு வந்தது. விழாவிற்கு இரண்டு நாள்களே இருந்தன. கண்கள் களைத்திருந்தன. தலைப்புகளை மட்டும் பார்த்து, 'அச்சிடலாம்' என்று எழுதி ஒப்பமிட்டேன்.

விழா இனிது நடந்தது. மறுநாள் பெரியவர் ஒருவர் தம் மகனுடன் பள்ளிக்கு வந்தார். நெசவுத் தொழில் செய்பவர். கையில் மலர் இருந்தது. பத்தாம் வகுப்பின் படத்தை விரித்து, "ஐயா, எனக்கு எழுத்தறிவு இல்லை. என் மகன் பெயர் எவ்விடத்தில் இருக்கிறது என்று தொட்டுக் காட்டுங்கள்" என்றார். மகனைக் கேட்டால் அவன் விடை கூறாது நின்றானாம். ஆதலின் ஆசிரியரிடமே வந்திருக்கிறார்.

நான் பார்த்தேன். நடு வரிசையில் பதினான்கு மாணவர். கீழே பதின்மூன்று பெயர்கள். ஆறாம் பெயர் விடுபட்டிருந்தது. அதனால் ஏழாமவன் பெயர் ஆறாமவனுக்கும், எட்டாமவன் பெயர் ஏழாமவனுக்குமாக, எஞ்சிய அனைவர்க்கும் பெயர் மாறியிருந்தது. ஆறாவதாக நின்றவன் அப்பெரியவரின் மகன். உண்மையைச் சொன்னேன். அவர் சினக்கவில்லை. சிறிது நேரம் படத்தையே நோக்கியிருந்து, "போகட்டும் ஐயா, முகமாவது இருக்கிறதே" என்று கூறி, மலரைத் துண்டில் சுற்றிக்கொண்டு சென்றார். கையிருப்பில் இருந்த படிகளில் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டினோம். அவர் கொண்டுசென்ற படியில் ஒட்டவில்லை. அம்மாணவன் பத்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்தித் தந்தையுடன் தறியில் அமர்ந்தான். அவர் சினந்திருந்தால் என் மனம் ஒருகால் ஆறியிருக்கும்.

"இஃது ஈய எழுத்துக் காலத்துக் கதை, இப்பொழுது கணினி வந்துவிட்டதே" என்று நீங்கள் கூறலாம். கணினியில் திருத்துதல் எளிது என்பது உண்மையே. ஆயினும், எப்பொழுது வேண்டுமாயினும் திருத்தலாம் என்னும் அவ்வெளிமையே காலந்தாழ்த்துதற்குத் துணையாகின்றது. தாளில் பதிந்த எழுத்தை எக்கணினியும் திருத்தாது. புதிய பிழைகளும் உள. ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் உருச்சிதைந்து தோன்றுவதுண்டு. ஆங்கிலத்தில் எழுதிய பெயர்ப்பட்டியலை மீண்டும் தமிழாக்கும்பொழுது லகர ளகர ழகர வேறுபாடு மறைகின்றது; வள்ளி 'வல்லி' ஆகிறாள். அவள் பெற்றோர் விரும்பி இட்ட பெயர் அதுவன்று.

இனி, இதன்பொருட்டு இருவகைக் கருத்துகள் கூறப்படுவதுண்டு. "நாள் தவறலாகாது; சில பிழைகள் இருப்பினும் மலர் வரவேண்டும்" என்பார் ஒரு சாரார். "நாள் கடந்தாலும் கேடில்லை, பிழையின்றி வருதலே நன்று" என்பார் மற்றொரு சாரார். இரண்டும் எனக்கு உடன்பாடல்ல. அரசுத் தேர்வு முடிந்ததும் மேல்வகுப்பு மாணவர் பல ஊர்களுக்குப் பிரிந்து செல்வர். அதன்பின் வரும் மலர், உரியவர் கையை அடையாது அலமாரியையே அடையும். ஆதலின் நாளை விடலாகாது. பெயர் பிழைபட்ட மலர் கையை அடைந்தும் பயனில்லை. ஆதலின் பெயரையும் விடலாகாது. அவ்வாறாயின் விடத்தக்கது யாது? பக்கம். எண்பது பக்கமாகத் திட்டமிட்ட மலர் அறுபத்துநான்கு பக்கமாக வரலாம். இரண்டு வாழ்த்துரைகள் சுருங்கலாம். ஒரு கட்டுரை அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம். இவற்றால் எவருக்கும் தீங்கில்லை. சிறிய மலர் என்று எவரும் வருந்தியதில்லை. தம் பெயர் இல்லாத மலர் என்று வருந்தியோரை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே, மலரைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வகுப்புப் படம் எடுத்த அன்றே, நிற்பவர் கலைவதற்குமுன், இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பெயரை அவரவர் கையாலேயே தமிழில் எழுதச் செய்யுங்கள். தலைப்பெழுத்தும் உடன் இருக்கட்டும். படத்தில் உள்ள தலைகளையும் கீழே உள்ள பெயர்களையும் வரிசை வரிசையாக எண்ணி ஒப்பிடுங்கள். மெய்ப்புத் திருத்தும்பொழுது ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றொருவர் மெய்ப்பைப் பார்க்கட்டும்; தனியே பார்ப்பவர் கண், இருப்பதைக் காணாது இருக்கவேண்டியதையே கண்டு ஏமாறும். களைத்த இரவில் எதற்கும் ஒப்பமிடாதீர்கள்; விடியற்காலையில் ஒரு மணி நேரம் பாருங்கள். இப்பணிகள் கார்த்திகைக்குள் முடிந்துவிட்டால், தை மாத நெருக்கடி உங்களை அச்சுறுத்தாது. அப்பொழுது குறைக்கவேண்டியது நேர்ந்தாலும், குறைவது அலங்காரமாகவே இருக்கும்.

உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை முதன்முதலில் பதிப்பித்தது 1887-ஆம் ஆண்டு. அப்பொழுது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். நூல் அச்சானதோ சென்னையில். கற்பித்தற் பணியோடு பதிப்புப் பணியையும் அவர் தாங்கினார். அத்தகைய பேரறிஞரும் முதற்பதிப்போடு அமைதி கொள்ளவில்லை. மேலும் ஆராய்ந்து, திருத்தி, 1907-இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். பெருநூல்களுக்கு அவ்வாய்ப்பு உண்டு. பள்ளி மலருக்கோ இரண்டாம் பதிப்பு என்பது இல்லை. அது வெளிவரும் நாளே அதன் முதற்பதிப்பும் முடிந்த பதிப்பும் ஆகும்.

அன்று அப்பெரியவர் விரல் வைத்த இடத்தில் நான் காட்டவேண்டிய பெயர் இல்லை. அதன்பின் மலர்ப் பொறுப்பு என்னிடம் வந்த ஒவ்வோர் ஆண்டும் கடைசிப் பக்கத்தையே முதலில் செய்தேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். உங்கள் பள்ளி மலரைக் கையில் ஏந்தி, எழுத்தறியாத தாயோ தந்தையோ, "என் பிள்ளையின் பெயர் எங்கே?" என்று வினவினால், தயங்காது தொட்டுக் காட்ட உங்களால் இயல வேண்டும்.