லோனில் வந்தவன் நம்ம ஆளா?

2016 ஐஎஸ்எல் பருவத்தில் சென்னையின் எஃப்சி அணிக்கு லெஃப்ட் பேக்காக 18 வயது இளைஞர் ஒருவர் வந்தார். மிசோரமைச் சேர்ந்த ஜெர்ரி லால்ரின்சுவாலா. புனேவின் டிஎஸ்கே ஷிவாஜியன்ஸ் கிளப் வீரரான அவரைச் சென்னை லோனில் எடுத்திருந்தது. முந்தைய ஆண்டின் சாம்பியனான சென்னைக்கு அந்தப் பருவம் படுமோசம். எட்டு அணிகளில் ஏழாம் இடம். ஆனால் பருவத்தின் வளர்ந்துவரும் வீரர் விருது இந்த லோன் வீரருக்குத்தான் கிடைத்தது.

லோனில் வரும் இளம் வீரரைப் பற்றி ரசிகர்கள் பேசத் தொடங்கினால் உலகம் முழுக்க ஒரே சண்டைதான். 'அடுத்தவன் கிளப் பையனை நாம எதுக்கு வளர்த்துவிடணும்? நம்ம அகாடமி பையன் பெஞ்சுல உட்கார்ந்திருக்கானே?' என்பது ஒரு கட்சி. 'இருக்கிறவரைக்கும் உயிரைக் கொடுத்து ஆடுறானே, அது போதாதா?' என்பது இன்னொரு கட்சி. மூன்றாவதாக ஒரு குரல் வரும். அதுதான் எனக்கு முக்கியம். 'எப்படியும் போகப்போறவன். அவனுக்கு அணிமேல என்ன ஒட்டுதல் இருக்கும்?'

இந்த மூன்றாவது குரலை நேரு விளையாட்டரங்கத்தில் கேட்டதைவிட ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். கால்பந்தைப் பற்றி அல்ல. 'கான்ட்ராக்ட் பசங்களுக்குப் பொறுப்பு கிடையாது சார், இன்னைக்கு இருப்பான், நாளைக்கு ஓடிடுவான்.' சூப்பர்வைசர் சொல்வார், மனிதவள அதிகாரி சொல்வார், சில நேரங்களில் சங்கத்தில் இருக்கும் நிரந்தரத் தொழிலாளியும் சொல்வார். இந்தத் தொழிற்பகுதியின் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு என்பதால், இந்த வாக்கியத்தை எத்தனை முறை எழுதிக்கொண்டேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மாத்தூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் ஒரே அறையில் ஆறு பேர், ஏழு பேர் தங்கியிருப்பார்கள். நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பும்முன் ஒரே போனில் மேட்ச் ஓடும். லோன் வீரரைப் பற்றிய சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு தம்பி சிரித்தபடி சொன்னான்: 'அண்ணே, நானும் லோன்லதான் ஓடிட்டிருக்கேன்.'

அந்தத் தம்பி சொன்னதைக் கேலி என்று தள்ளிவிட முடியாது. சட்டப்படி அவன் தொழிற்சாலையின் ஆள் அல்ல, ஏஜென்சியின் ஆள். ஏஜென்சி அவனை நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. அவன் நிற்பது நிறுவனத்தின் லைனில், முடிப்பது நிறுவனத்தின் டார்கெட்டை. சம்பளம் மட்டும் வேறு கையிலிருந்து வரும். கால்பந்து லோனும் கிட்டத்தட்ட இதேதானே என்று கேட்டால், அங்கேதான் வேறுபாடு தொடங்குகிறது.

லோன் வீரர் களத்தில் இறங்கும்போது மற்ற பத்துப் பேர் அணியும் அதே நீல ஜெர்சியைத்தான் அணிகிறார். முதுகில் அவர் பெயர் இருக்கிறது. அவர் அடிக்கும் கோலும் ஒரு கோல்தான், முக்கால் கோல் அல்ல. தொழிற்சாலையில் அப்படியில்லை. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறச் சட்டை, பயிற்சியாளருக்கு இன்னொன்று, அப்ரண்டிஸுக்கு வேறொன்று, கான்ட்ராக்ட் ஆளுக்கு இன்னும் ஒன்று. அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் ஒரே வேலையைச் செய்பவர்களைத் தூரத்திலிருந்தே தரம் பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு இது. அம்பேத்கர் விளக்கிய படிநிலைச் சமத்துவமின்மையை வகுப்பறையில் புரியவைக்கக் கஷ்டப்படும் ஆசிரியர்கள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் சந்திப்புக்கு மாணவர்களை அழைத்து வரலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனக்குக் கீழே ஒரு நிறம் இருக்கிறது. தனக்கு மேலே இருப்பவனோடு சண்டை போடுவதைவிட, கீழே இருப்பவனிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டுவதுதான் எல்லோருக்கும் எளிதாக இருக்கிறது.

கால்பந்து லோனுக்கு விதிகளும் இருக்கின்றன. 2022 ஜூலை 1 முதல் ஃபிஃபா சர்வதேச லோன்களுக்குக் கடிவாளம் போட்டது. ஒரு லோன் ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது. லோனில் வாங்கிய வீரரை மூன்றாவது கிளப்புக்கு மறுலோன் கொடுக்கக் கூடாது. ஒரு கிளப் வெளியே அனுப்பும் லோன்களும், உள்ளே எடுக்கும் லோன்களும் 2024 முதல் ஆறு ஆறுக்கு மேல் போகக் கூடாது. (21 வயது வரையுள்ளவர்களுக்கும் கிளப்பிலேயே வளர்ந்தவர்களுக்கும் இந்த எண்ணிக்கையில் விலக்கு உண்டு, ஓட்டையில்லாத விதி எங்கே இருக்கிறது?) பெரிய கிளப்புகள் நாற்பது பேர் வரை வாங்கிக் குவித்து ஊர் ஊராக வாடகைக்கு விட்டதைப் பார்த்துத்தான் இந்த விதி வந்தது. மனிதரைக் கடன் கொடுப்பதற்கு ஒரு வரம்பு வேண்டும் என்று, ஊழல் குற்றச்சாட்டுகளில் ஊறிப்போன ஃபிஃபாவுக்கே தோன்றியிருக்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையைச் செய்தால் அதே ஊதியம் என்று அதன் விதிகள் சொல்லின. ஜெர்ரி சென்னைக்கு ஆடிக்கொண்டிருந்த அதே 2016 அக்டோபரில், ஜக்ஜித் சிங் வழக்கில் அரசுத் துறைத் தற்காலிக ஊழியர்களுக்குச் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நடைமுறையில் வருஷம் முடியுமுன் 'பிரேக்' விடுகிறார்கள். திரும்பி வரும்போது வேறு ஏஜென்சி, புது அடையாள அட்டை, அதே லைன், அதே ஸ்டேஷன். ஃபிஃபா தடைசெய்த மறுலோன் நம் ஊரில் சகஜம். 2013-இல் ஏஐசிடிஇ கொண்டுவந்த நீம் திட்டமோ, தொழிலாளியை மூன்றாண்டுகள் வரை 'பயிற்சி பெறுபவர்' என்றே அழைக்க வழி செய்தது. மூன்று வருஷம் பயிற்சி பெற அந்த ஸ்டேஷனில் அப்படி என்னதான் இருக்கிறது? இப்போது வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்போ, 20 ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தாலே பொருந்திய பாதுகாப்பை 50 பேர் இருந்தால்தான் என்று மாற்றிவிட்டது.

கால்பந்தை நான் சொர்க்கமாக்கவில்லை. லோன் வீரரும் சரக்குதான். 2025-இல் ஐஎஸ்எல் உரிமக் குழப்பம் வந்தபோது பெங்களூரு எஃப்சி சம்பளத்தை நிறுத்திவைத்தது, சென்னையின் எஃப்சி முதல் அணியின் செயல்பாடுகளையே நிறுத்தியது. ஜெர்ரியை லோன் கொடுத்த கிளப், அடுத்த பருவம் முடிந்தபின் ஐ-லீக்கிலேயே இல்லை. ஆனாலும் லோன் முடிந்த வீரருக்குத் திரும்பிப் போக ஒரு கிளப் இருக்கும் என்பதுதான் விதி. ஏஜென்சிக்குத் திரும்பும் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? ஒரு வாட்ஸ்அப் எண்.

இனி சாதிக்கு வருவோம். யார் லோனாக வருகிறார்கள், யார் நிரந்தரமாக வருகிறார்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் இந்தப் பகுதியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. இது பழைய செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலங்களின் வரலாறு தொடங்குகிறது. 1892-இல் ஆணை வந்தது. நூறாண்டுக்குள் அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. அதைக் கேட்டுப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் காரணையை ஒட்டி எழுந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். ஹூண்டாய் 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, பின் நோக்கியா, ரெனோ-நிசான் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிலம் வைத்திருந்தவருக்கு இழப்பீடு கிடைத்தது. அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவருக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. நான் பார்த்த ஊர்களில் இழப்பீடு பெற்ற குடும்பங்கள் வேன் வாங்கின, வாடகை அறைகள் கட்டின, ஸ்கிராப் எடுத்தன, ஆள் சப்ளை ஏஜென்சி தொடங்கின. காலனியிலிருந்து போகும் அக்காக்கள் அந்த ஏஜென்சியின் சட்டையில் கேன்டீனிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் நிற்கிறார்கள். முன்பு யாருடைய வயலில் நடவு நட்டார்களோ, அதே வீட்டுக்காரர்தான் இப்போது ஒப்பந்ததாரர். கழிப்பறை கழுவும் வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

லைனிலோ பீகார், ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட் இளைஞர்கள். இங்கேதான் நம் முற்போக்குக்கும் ஒரு சோதனை இருக்கிறது. மிசோரமிலிருந்து வந்த ஜெர்ரியையும் ஜேஜேவையும் 'நம்ம பையன்' என்று தோளில் தூக்கிய அதே சென்னை, ஒரகடத்துப் பேருந்தில் இந்தி பேசுபவனைப் பார்த்து 'வடக்கன்' என்று முகம் சுளிக்கிறது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகளைப் பரப்பியவர்களை நாம் சரியாகவே கண்டித்தோம். ஆனால் 'வடக்கன் வந்ததாலதான் நமக்கு வேலை இல்லை' என்ற மீமை ஃபார்வர்டு செய்பவர்களில் நம் நண்பர்களும் இருக்கிறார்கள். அவனைக் குறைந்த சம்பளத்துக்கு வரவழைத்தது யார்? உள்ளூர் ஆள் சங்கம் வைப்பான் என்று பயந்து வெளியூர் ஆளைத் தேடியது யார்? லோன் வீரர் வந்ததால் பெஞ்சுக்குப் போன அகாடமி பையனுக்கு வரும் கோபம் நியாயமானதுதான். அது லோன் வீரர்மேல் பாய்வதில்தான் கிளப் முதலாளிக்கு நிம்மதி.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. சங்கம் வைக்கும் உரிமைக்காக நிரந்தரத் தொழிலாளர்கள் நடத்திய மகத்தான போராட்டம் அது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவும் பெற்றது. அந்த நாட்களில் உள்ளே ஒப்பந்தத் தொழிலாளர்களையும் பயிற்சியாளர்களையும் வைத்து உற்பத்தி ஓட்டப்படுவதாகச் செய்திகள் வந்தன. 'துரோகிகள்' என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல் உறுத்தியது. சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்படாதவன், ஊதிய ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவன், போனஸ் பேச்சுவார்த்தையில் நினைக்கப்படாதவன் எந்த அணிக்குத் துரோகம் செய்ய முடியும்? அதே பகுதியில் 2021 டிசம்பரில், உணவு நஞ்சானதை எதிர்த்துச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்த ஃபாக்ஸ்கான் பெண்களில் பெரும்பாலானோர் இப்படி ஏஜென்சி வழியாக வந்து விடுதிகளில் தங்கியிருந்தவர்கள்தான். அவர்களுக்குச் சங்கம் இல்லை. 'ஒட்டுதல் இல்லாதவர்கள்' விடிய விடியச் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

2020 ஆகஸ்டில் பார்சிலோனா 8–2 என்று பயர்ன் மியூனிக்கிடம் நொறுங்கியபோது, கடைசி இரண்டு கோல்களை அடித்தவர் கூடினோ. அவர் பார்சிலோனாவே பயர்னுக்கு லோனில் அனுப்பிய வீரர். லோன் வீரரின் தாக்கம் பற்றிப் பேசும் ரசிகர்கள் இந்த ஆட்டத்தை விடாமல் சொல்வார்கள். தனக்கு உரிமையாளராக இருக்கும் கிளப்புக்கு எதிராகவும் ஒருவர் ஆட முடியும், களத்தில் யாரோடு நிற்கிறாரோ அவர்களின் ஆளாக முடியும்.

ஜெர்ரியை 2017-இல் சென்னை நிரந்தரமாகத் தக்கவைத்துக்கொண்டது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் சென்னை இரண்டாவது முறை கோப்பையை வென்றபோது அவர் அந்த அணியின் வீரர். வியாசர்பாடியின் தன்பால் கணேஷும் அதே அணியில் இருந்தார். அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகக் கோல் போட்டவர். ஒருவர் லோனில் வந்தவர், மற்றவர் நகரம் சேரி என்று ஒதுக்கிவைத்த பகுதியில் பந்து உதைத்து வளர்ந்தவர். அந்த இரவு யாருக்கு ஒட்டுதல் அதிகம் என்று எந்த ரசிகரும் கேட்கவில்லை.

ஒரகடம் பகுதிச் சங்கங்களிடம் எனக்கு ஒரு நேரடியான கேள்வி இருக்கிறது. அடுத்த ஊதியக் கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது, நிரந்தரமாக்கல் என்ற கோரிக்கையைக் கடைசிப் பக்கத்தில் சடங்காகச் சேர்க்காமல், ஒப்பந்தத் தொழிலாளியையும் பயிற்சியாளரையும் உறுப்பினராக்க உங்கள் விதிகளைத் திருத்துவீர்களா? நோட்டீஸை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடிப்பீர்களா? கேன்டீன் அக்காவை நிர்வாகக் குழுவுக்குக் கொண்டுவருவீர்களா? இதை ஒரு சங்கத் தோழரிடம் கேட்டேன். 'முதல்ல நம்ம ஆளுங்களுக்கு வாங்கிடுவோம் தோழர், அப்புறம் அவங்களைப் பார்ப்போம்' என்றார். நம்ம ஆளுங்க யார் தோழர் என்று கேட்பதற்குள் அவருக்கு ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது.